மானியக் கோரிக்கையை மனுவின் கடைசிக்குத் தள்ளுங்கள்

கேள்வி: எங்கள் சங்கத்தில் 38 தயாரிப்புக் கூடங்கள் உள்ளன. மசாலாப் பொடி, மஞ்சள் தூள், மரச்செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, அப்பளம் என்று தயாரிக்கிறோம். பெரும்பாலோரின் ஆண்டு விற்பனை 50 லட்சம் முதல் 2 கோடி ரூபாய் வரை. பட்ஜெட்டுக்கு முன் அரசிடம் கொடுக்க 16 கோரிக்கைகள் கொண்ட மனு தயார் செய்திருக்கிறோம். நகலை இணைத்துள்ளேன். இயந்திர மானியத்தை 35 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்த வேண்டும் என்பது முதல் கோரிக்கை. எதை முன்னால் வைக்கலாம், எதை விட்டுவிடலாம்?
— சிறு உணவு உற்பத்தியாளர் சங்கச் செயலாளர், ஈரோடு மாவட்டம்

பதில்: மனுவைப் படித்தேன். 16 கோரிக்கைகளும் முதலமைச்சர் பெயருக்கே போகின்றன. அவற்றில் பாதி அவர் கையில் இல்லை. ஜி.எஸ்.டி. விகிதத்தை மாற்றுவது ஜி.எஸ்.டி. மன்றம். அதில் மாநில நிதியமைச்சர் ஓர் உறுப்பினர்தான். லேபிள் விதி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யுடையது. கடன் வரம்பு ரிசர்வ் வங்கி நெறியையும் கிளை மேலாளர் போடும் கணக்கையும் பொறுத்தது. மின்கட்டணம் ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்தால் அது துறை துறையாகச் சுற்றி, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற கடிதத்தோடு உங்களிடமே திரும்பி வரும். மனுவை நான்கு தனி மனுக்களாகப் பிரியுங்கள். எதை எங்கே கொடுப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் மானியம். நீங்கள் குறிப்பிடும் 35 சதவீதம், 2020 ஜூனில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் குறு உணவுக் கூடங்களுக்காகத் தொடங்கிய மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் வருவது. செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 பங்கு. ஒரு கூடத்துக்கு உச்சவரம்பு 10 லட்சம். தகுதியான திட்டச் செலவில் தொழில்நுட்பக் கட்டடப் பணி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நிலத்தின் விலை சேராது, குறைந்தது 10 சதவீதம் உங்கள் கைமுதல். இந்தப் பணம் உங்கள் கைக்கு வருவதில்லை. கடனின் கடைசித் தவணை வழங்கியதிலிருந்து 3 ஆண்டு வங்கியிலேயே தனிக் கணக்கில் இருக்கும். கூடம் ஓடிக்கொண்டிருந்து கடனும் ஒழுங்காக இருந்தால்தான் அதைக் கடனில் கழிப்பார்கள். அதனால் 35ஐ 50 ஆக்கினாலும் இந்த ஆண்டு வத்தல் வாங்க உங்கள் உறுப்பினருக்கு ஒரு ரூபாய்கூட வராது. மானியத்தை நம்பித் தேவைக்கு மேல் பெரிய அரவை இயந்திரம் வாங்கி, அரைக்கச் சரக்கில்லாமல் அதை நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டும் கூடங்கள் எத்தனை என்று உங்கள் 38-க்குள்ளேயே எண்ணிப் பாருங்கள். மனுவுக்கு அந்த எண் உதவும்.

போகிற போக்கில் ஒன்று. இந்தத் திட்டத்தில் விண்ணப்பம் தயாரிக்க உதவும் மாவட்ட வளப் பயிற்றுநருக்கு, கடன் ஒப்புதலான ஒவ்வொரு கூடத்துக்கும் 20,000 ரூபாய் அரசே தருகிறது. அதில் பாதி ஒப்புதலானதும், மீதி பதிவுகளும் பயிற்சியும் முடிந்தபிறகும் கிடைக்கும். அதற்கு மேல் 'ஃபைல் செலவு' என்று யாரும் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மனுவில் முதலிடத்துக்கு வர வேண்டியது நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் பாக்கி வரும்வரை தாங்கவும் வேண்டிய பணம். உங்கள் பட்டியலில் அது 11-ஆம் இடத்தில், 'குறைந்த வட்டியில் கடன்' என்ற ஒரே வரியாக இருக்கிறது. வட்டியைவிடப் பெரிய பிரச்சினை கடன் வரம்பின் அளவு. கணக்கைப் பாருங்கள்.

சிறு தொழிலுக்கான நடைமுறை மூலதனத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறையில் கணக்கிடுகின்றன. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை, அதில் 20 வங்கி, 5 உங்கள் பங்கு. போட்ட பணம் ஆண்டுக்கு நான்கு முறை சுழலும் என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. 1 கோடி விற்கும் மசாலாக் கூடத்துக்கு வங்கி 20 லட்சம் தரும், நீங்கள் 5 லட்சம் போடுவீர்கள். ஆனால் புது மஞ்சள் மாசி, பங்குனியில்தான் வரத்தாகும். வத்தல், மல்லி, புளி எல்லாம் ஏறக்குறைய அதே காலம். ஆண்டுக்கு 65 லட்ச ரூபாய்க்கு மூலப்பொருள் வேண்டுமென்றால், அதில் பாதியைப் பருவத்தில் வாங்கி வைக்கவே 32 லட்சத்துக்கு மேல் ஆகும். கடைகளில் 60 நாள் கடனுக்குக் கொடுத்த சரக்கு 16 லட்சத்துக்கு மேல் நிற்கும். ஆக 49 லட்சம் தேவைப்படும் இடத்தில் இருப்பது 25 லட்சம். அந்த இடைவெளியை மண்டிக் கடனால் நிரப்புகிறார்கள். அல்லது பருவம் கடந்து, விலை ஏறிய பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள். பெரிய பிராண்டுகளோடு விலையில் நிற்க முடியாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

இதைத் தீர்க்கப் புதிய சட்டம் வேண்டாம். 20 சதவீதம் என்பது நெறிப்படி குறைந்தபட்சம். தொழிலின் சுழற்சிக் காலம் நீளமாக இருந்தால் வங்கி கூடுதலாகக் கணக்கிட்டுத் தரலாம். கிளைகளில் அந்தக் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக நடத்துகிறார்கள். எனவே பருவம் சார்ந்த உணவுத் தொழிலுக்குப் பிப்ரவரி முதல் ஜூன் வரை உச்சக்கால வரம்பு, மற்ற மாதங்களுக்குச் சாதாரண வரம்பு என்று இரண்டாகப் பிரித்து ஒப்புதல் தர வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய இடம் ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழு. மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்தால் பொருள் நிரலில் சேர்ப்பார். அங்கே நகராவிட்டால் அடுத்து மாநில அளவிலான வங்கியாளர் குழுமம். தமிழ்நாட்டில் அதன் ஒருங்கிணைப்பாளர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி.

உறுப்பினர் தரப்பில் செய்ய வேண்டியதும் உண்டு. கடந்த இரண்டு ஆண்டுகளின் மாதவாரி கொள்முதல், மாதவாரி இருப்பு, மாதவாரி பாக்கி ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த மேலாளரும் உச்சக்கால வரம்பு தர மாட்டார். பெரும்பாலான கூடங்களில் மார்ச் 31 இருப்பு மட்டுமே கணக்கில் இருக்கும், அதுவும் ஆடிட்டர் கேட்டதற்காக எழுதியது. 20 லட்சம் வரையிலான கடனுக்கு (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல், பிணையில்லாக் கடனுக்காக வங்கிக்குக் கிடைக்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதம் இருக்கிறது. 'வீட்டுப் பத்திரம் கொண்டு வாருங்கள்' என்று கேட்டால், அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி மனுவோடு வையுங்கள்.

இதோடு இணைந்தது கிடங்கு ரசீதுக் கடன். மஞ்சள் சாதாரணக் குடோனிலேயே நன்றாக நிற்கும் சரக்கு. கிடங்கு மேம்பாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கிடங்கில் வைத்தால் மின்னணு ரசீது கிடைக்கும். அந்த ரசீதை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். இப்படிப்பட்ட கடனுக்கு உத்தரவாதம் தர 2024 டிசம்பரில் 1,000 கோடி ரூபாயில் ஒரு மத்தியத் திட்டமும் வந்தது. தடை என்னவென்றால் பக்கத்துக் குடோன் அந்த ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்குகளையும் மாநிலச் சேமிப்புக் கிடங்குக் கழகத்தின் கிடங்குகளையும் பதிவு செய்யும்படி மாநில அரசிடம் கேட்கலாம். பெரிய செலவில்லாத கோரிக்கை. வத்தலுக்கு இது அப்படியே பொருந்தாது. சாதாரணக் குடோனில் நிறம் போகும், குளிர்பதனக் கிடங்கு வேண்டும்.

இரண்டாவது இடம், வர வேண்டிய பாக்கி. 'சூப்பர் மார்க்கெட்டுகள் 90 நாள் கழித்துப் பணம் தருகின்றன, சட்டம் வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ.டி. சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் 16-ஆம் பிரிவுப்படி வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்தது. குறு, சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் பணம் தராமல் ஆண்டு முடிந்துவிட்டால், பணம் கொடுக்கிற ஆண்டில்தான் அதை அவர் செலவாகக் காட்ட முடியும்.

வழக்கு நிற்காமல் போவது காகிதத்தில்தான். பில்லில் உத்யம் எண், அதாவது சிறு தொழில் பதிவு எண், இருக்காது. டெலிவரி சலானில் முத்திரை இருக்கும், தேதி இருக்காது. 'விற்றால் பணம், இல்லையேல் திருப்பி எடுத்துக்கொள்' என்று வாய்ப்பேச்சில் சரக்கு போயிருக்கும். சில உறுப்பினர்கள் உத்யமில் வணிகர் என்று பதிந்திருப்பார்கள். வணிகருக்கு இந்தப் பிரிவுகளின் பாதுகாப்பு கிடையாது, உற்பத்தியாளர் என்று இருக்க வேண்டும். இந்த நான்கையும் சங்கமே ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம்.

இதில் அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் ட்ரெட்ஸ் தளத்தில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அந்தத் தளத்தில் ஏற்றிய பில்லை வாங்குபவர் ஒப்புக்கொண்டால், நிதி நிறுவனம் தள்ளுபடி கழித்து உடனே பணம் தந்துவிடும். பிறகு வாங்கியவர் பணம் கட்டாவிட்டாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த அறிவிக்கை கட்டாயமாக்கியது சேர்வதை மட்டுமே, பில்லை ஏற்றுவதை அல்ல. சிறு உற்பத்தியாளரின் பில்லைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஏற்றியாக வேண்டும் என்று மத்திய எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்திடம் கேளுங்கள். மாநிலத்திடம் கேட்க வேண்டியது, பாக்கி வழக்கைச் சங்கம் தன் பெயரில் தாக்கல் செய்ய வழி. அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில்தான் தனி ஆள் வழக்குப் போடுவதில்லை.

ஜி.எஸ்.டி.யை எடுத்துக்கொள்வோம். 'மளிகைப் பொருளுக்கு முழு விலக்கு' என்பது உங்கள் இரண்டாவது கோரிக்கை. கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். 1 கோடி விற்பனைக்கு 5 சதவீதம், 5 லட்சம் வரி. 65 லட்சத்துக்கு வத்தல், மல்லியை வியாபாரியிடம் பில்லோடு வாங்கினால் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வரி) 3,25,000. 8 லட்சத்துக்கு லேமினேட்டட் உறை, 18 சதவீதத்தில் 1,44,000. கழித்தால் கையிலிருந்து கட்டுவது 31,000 ரூபாய்தான். உங்கள் பொருளுக்கு மட்டும் விலக்கு வந்தால் 4,69,000 வரவு செத்துவிடும். அது அடக்க விலையில் ஏறும். கோடிக்கு 31,000 மிச்சமாவதற்காக ஒரு பெரிய போராட்டமா? விவசாயியிடம் நேரடியாக வாங்கும் செக்கு எண்ணெய்க்காரருக்குக் கணக்கு வேறு. அவருக்கு மூலப்பொருளில் வரி இல்லை, அதனால் விலக்கு வந்தால் நிஜமாகவே லாபம். ஒரே கோரிக்கை உங்கள் சங்கத்தையே இரண்டாகப் பிரிக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜமான வலி இயந்திர வரியில் இருக்கிறது. 20 லட்சத்துக்கு இயந்திரம் வாங்கினால் 18 சதவீதம், 3,60,000 ரூபாய். மேலே சொன்ன கூடம் ஆண்டுக்கு 31,000 வீதம் அதைக் கழித்து முடிக்க 11 ஆண்டுக்கு மேல் ஆகும். விற்பனை வரியைவிட உள்ளீட்டு வரி விகிதம் அதிகமாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் வழி உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி. விதிகளின் 89(5) விதிச் சூத்திரத்தில் மூலப்பொருள், உறை ஆகியவற்றின் வரி மட்டும் சேரும், இயந்திர வரி சேராது. இதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து சதவீதப் பொருள் தயாரிக்கும் குறு உணவுக் கூடங்களுக்கு இயந்திர வரியை மூன்று ஆண்டில் தவணையாகத் திருப்பித் தரலாம் என்று, மாநில நிதியமைச்சருக்கும் வணிகவரித் துறைக்கும் கொடுக்கும் தனி மனுவில், இந்தக் கணக்கோடு. அதுவரை ஒரு வழி: வருமான வரி கட்டும் உறுப்பினர், அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்காமல் இயந்திர விலையோடு சேர்த்துத் தேய்மானம் எழுதலாம். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(3) பிரிவு தடுக்கிறது. எது லாபம் என்று இயந்திரம் வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்க வேண்டும்.

சமையல் எண்ணெய்க்கு 2022 ஜூலை 18 முதல் இந்தத் திருப்பித் தரும் வழியையே அடைத்துவிட்டார்கள். அதை நீக்கக் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் விவசாயியிடம் எள், கடலை வாங்கி ஆட்டுபவருக்கு வரவு தேங்குவதே இல்லை. பெரிய ஆலைகள் கேட்கட்டும், உங்கள் மனுவில் வேண்டாம்.

அதற்குப் பதில் செஸ்ஸை, அதாவது சந்தைக் கட்டணத்தை, மேலே கொண்டு வாருங்கள். 1987-ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்தல் சட்டப்படி, அறிவிக்கை செய்யப்பட்ட விளைபொருளுக்கு மதிப்பில் 1 சதவீதச் சந்தைக் கட்டணம். 65 லட்சக் கொள்முதல் முழுவதற்கும் பொருந்தினால் 65,000 ரூபாய், மேலே பார்த்த ஜி.எஸ்.டி. ரொக்கத்தைப் போல இரண்டு மடங்கு. குறு கூடங்களுக்கு இதை விலக்கும் அதிகாரம் முழுக்க மாநில அரசிடம் இருக்கிறது. இதை நீங்கள் 14-ஆம் இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கட்டணத்தைக் குறைக்கக் கேட்கிறீர்கள். உரிமக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். உண்மையான செலவு ஆய்வகத்தில் ஆகிறது. உரிமத்தின் நிபந்தனைப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை வேண்டும். 10 பொருள், ஒரு மாதிரிக்கு 5,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 1 லட்சம். இவ்வளவு கொடுத்தும் தப்பான இடத்தில் சோதிக்கிறோம். மிளகாய்த் தூளில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு அளவைத் தாண்டுவது அரவையில் வருவதல்ல. மண்தரையில் காய்ந்து, ஈரத்தோடு மூட்டை கட்டிய வத்தலில் பூஞ்சை பிடித்து வருவது. மஞ்சள் தூளில் ஈயம் 10 பி.பி.எம். தாண்டினால் நிறத்துக்காகச் சாயம் பூசிய விரலியைச் சந்தேகிக்க வேண்டும். அரைத்து, உறையிட்டு, கடைக்குப் போன பிறகு ரிப்போர்ட் வந்து என்ன பயன்? ஈரமானியை வாசலிலேயே வையுங்கள். மிளகாய்த் தூளுக்கு 11, மஞ்சள் தூளுக்கு 10 சதவீதம் ஈரப்பத உச்சவரம்பு. மூட்டை அதற்கு மேல் காட்டினால் இறக்கவே வேண்டாம்.

அரசிடம் கேட்க வேண்டியது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வரும் லாட்டுக்கே சோதனை. மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் 100 உணவுப் பரிசோதனை ஆய்வகங்களுக்கு ஒப்புதல் தந்தது. அதில் ஒன்றை ஈரோட்டுப் பக்கம் கொண்டு வர மாநில அரசு பரிந்துரைக்கட்டும். இன்னொரு வழி, பி.எம்.எஃப்.எம்.இ.யின் பொது வசதி மையப் பிரிவு. 35 சதவீதம், உச்சவரம்பு 3 கோடி ரூபாய். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவு போன்ற அமைப்பு முன்னால் நிற்க வேண்டும், மற்றவர்களுக்கும் வாடகைக்குத் தர வேண்டும். ஆய்வகம், கழுவி உலர்த்தும் வரிசை, நிறம் பிரிக்கும் இயந்திரம் மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் 38 கூடங்களும் பயன்படுத்தலாம். திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. அதன் அடுத்த கட்டத்துக்கான பரிந்துரையாகத் தனி மானியத்தைவிட இந்தப் பொது வசதியை அழுத்துங்கள்.

அதிகாரி மாதிரி எடுக்க வரும்போது உறுப்பினர்கள் ஓர் உரிமையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மாதிரி நான்கு பாகமாகும். கேட்டுக்கொண்டால் ஒரு பாகத்தை உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதை மாதிரி எடுக்கும் நேரத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தரக்குறைவுக்கு அபராதம் 5 லட்சம் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை என்பதால் இந்த 30 நாளைத் தவற விடக் கூடாது.

மீதியில் சிலவற்றை அடித்துவிடுங்கள். லேபிள் விதி அடிக்கடி மாறி உறை வீணாகிறது என்ற புகாருக்கு, மாற்றங்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வரும் என்ற முறையை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஏற்கெனவே கொண்டு வந்துவிட்டது. உறை அச்சடிக்க ஆர்டர் போடுவதை ஆகஸ்ட்டுக்குத் தள்ளினால் பாதிப் பிரச்சினை தீரும். 'வெளிமாநிலப் பிராண்டுகளுக்குத் தடை' என்பது அரசியல் சட்டப்படியே நடக்காது. அந்த ஒரு வரி மற்ற 15-ஐயும் கெடுக்கிறது. தனி உணவுப் பூங்காவும் வேண்டாம். வீட்டை ஒட்டிக் கூடம் நடத்தி, உள்ளூர்ப் பெண்களை வைத்து வேலை வாங்கும் அப்பளக்காரர் 40 கிலோமீட்டர் தள்ளிப் போக மாட்டார்.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கலாம். அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம், சத்துணவு, விடுதிகள் எல்லாம் ரவை, சேமியா, மசாலா வாங்குகின்றன. டெண்டரில் லாட்டை மாவட்டம் அல்லது ஒன்றிய அளவுக்குப் பிரித்து, விற்றுமுதல் தகுதியையும் அதற்கேற்பக் குறைத்தால் உங்கள் கூடங்கள் கலந்துகொள்ள முடியும். இதற்கு அரசுக்குப் புதிதாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

மனுவின் நடை பற்றி: ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பக்கம் போதும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அல்லது எந்த அரசாணை, அதில் எந்த வரி மாற வேண்டும், 38 கூடங்களின் கணக்கில் அதன் விளைவு எத்தனை ரூபாய், அரசுக்கு எவ்வளவு செலவு என்று நான்கே விஷயம். மத்திய அரசின் முன்பட்ஜெட் ஆலோசனை நவம்பர், டிசம்பரில் நடக்கும். அக்டோபருக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மாநிலத்தில் வேளாண்மைக்கு 2021 முதல் தனி பட்ஜெட் இருப்பதால், உணவுப் பதப்படுத்துதல் வேளாண் துறைக்கும் எம்.எஸ்.எம்.இ. துறைக்கும் நடுவில் விழுந்துவிடும். இரண்டு செயலாளர்களுக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒருவர் பிரதியில் மற்றவருக்குக் கொடுத்ததைக் குறிப்பிடுங்கள். மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளரிடம் முன்பே காட்டிவிடுங்கள். மேலிருந்து கருத்துக் கேட்டு வரும் கடிதம் அவர் மேசைக்குத்தான் வரும்.

இந்த வாரம் தொடங்க வேண்டிய வேலை, உறுப்பினர்களிடம் ஒரு தாள் கொடுத்து ஐந்து எண்களை வாங்குவது: ஆண்டு விற்பனை, பருவக் கொள்முதல், வங்கி வரம்பு, 45 நாளைத் தாண்டிய பாக்கி, தேங்கி நிற்கும் இயந்திர வரி. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். அப்போதுதான் சரியான எண் வரும்.